காலியம் ஏன் அலுமினியத்தைவிடச் சிறியது? தனிம வரிசை அட்டவணையின் 'விதிவிலக்கு'கள் பற்றி

#1 பலகையோரம்

11-ஆம் வகுப்புத் தனிம வரிசை அட்டவணைப் பாடத்துக்கு இரண்டு அம்புக்குறி போதும் என்பதுபோல்தான் கைடுகள் எழுதுகின்றன. இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் கூடும். மேலிருந்து கீழே வந்தால் நேர் எதிர். அளந்த மதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அம்பு பல இடங்களில் உடைகிறது.

அலுமினியத்தின் உலோக ஆரம் 143 பிக்கோமீட்டர். அதற்குக் கீழே இருக்கும் காலியம் 135. முதல் அயனியாக்கும் ஆற்றல் அலுமினியத்துக்கு 578 கிலோஜூல்/மோல், காலியத்துக்கு 579. நைட்ரஜன் 1402, அடுத்த ஆக்சிஜன் 1314. எலக்ட்ரான் நாட்டத்தில் ஃப்ளூரின் 328, குளோரின் 349.

'விதிவிலக்கு' என்று எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தால் மாணவர்கள் அதையும் மனப்பாடம்தான் செய்வார்கள். கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய காரணங்கள் வேண்டும். வரலாற்றுப் பகுதியிலும் இதே குறை. 'மெண்டலீவ் நிறைப்படி அடுக்கினார், மோஸ்லி அணு எண்படி மாற்றினார்' என்று இரண்டு வரியில் முடிகிறது. நடுவில் உண்மையில் என்ன நடந்தது?

#2 அணுவெண்

வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மெண்டலீவ் நிறைப்படி அடுக்கினார் என்பது பாதிதான் சரி. பெரும்பாலும் நிறைப்படியே அடுக்கியவர் நியூலாந்து. 1865-இல் அவர் சொன்ன எண்ம விதியில் எட்டாவது தனிமம் முதலாவதை ஒத்திருக்கும். கால்சியம் வரைக்கும் அழகாக வந்தது. அதற்குப் பிறகும் கட்டத்தைக் காலியாக விடாமல் நிரப்பிக்கொண்டே போனதால் கோபால்ட்டும் நிக்கலும் ஒரே கட்டத்தில், அதுவும் ஃப்ளூரின், குளோரின் வரிசையில் போய் விழுந்தன. இரும்பு ஆக்சிஜன், கந்தகத்தோடு சேர்ந்தது. 1866-இல் லண்டன் வேதியியல் கழகக் கூட்டத்தில், 'அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?' என்று ஃபாஸ்டர் கேட்டது இதனால்தான். கேள்வி கொடுமையானது. ஆனால் அட்டவணையில் இருந்த ஓட்டை உண்மை.

மெண்டலீவ் 1869-இல் 63 தனிமங்களை வைத்துக்கொண்டு செய்தது வேறு வேலை. நிறையும் வேதிப் பண்பும் முட்டிக்கொண்ட இடத்தில், அவர் நிறையைத்தான் சந்தேகப்பட்டார். அதற்குக் காரணம் இருந்தது. அன்று நேரடியாக அளக்க முடிந்தது சமான நிறையை (ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஈடான நிறை) மட்டும்தான். அணு நிறை வேண்டுமென்றால் அதை இணைதிறனால் பெருக்க வேண்டும். இணைதிறனைத் தப்பாக எடுத்தால் அணு நிறையும் தப்பு.

இண்டியத்தை எடுங்கள். சமான நிறை 37.8. இணைதிறன் 2 என்று நம்பியதால் 75.6 என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த மதிப்பு ஆர்சனிக்குக்கும் (75) செலினியத்துக்கும் (79) நடுவே விழும். அங்கே இடமே இல்லை. இணைதிறன் 3 என்றால் 113.4. காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில், அலுமினியத் தொகுதியில், காலியாக இருந்த கட்டத்தில் போய் உட்காருகிறது. இன்றைய மதிப்பு 114.8.

பெரிலியம் இதற்கு எதிர்ப்பக்கம். சமான நிறை 4.5. அலுமினியம் மாதிரி இணைதிறன் 3 என்று வைத்து 13.5 என்றார்கள். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் அதற்கு இடம் கிடையாது. 2 என்று வைத்தால் 9, லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவில் சரியாகப் பொருந்தும். யுரேனியத்தை 120-இலிருந்து 240 ஆக்கியதும் இதே வழியில்தான்.

இந்த மூன்று கணக்கையும் கரும்பலகையில் போட ஐந்து நிமிடம் போதும். ஏகா-அலுமினியக் கதையைவிட (காலியத்தை மெண்டலீவ் முன்கூட்டியே கணித்த கதை) இவைதான் அட்டவணை எப்படிச் சிந்திக்கிறது என்பதைக் காட்டும்.

#3 அணுவெண்

தொடர்ச்சி. கணிப்புகளையும் சொல்லிவிடலாம். 1875-இல் லெகோக் டி புவாபோட்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தபோது அடர்த்தி 4.7 என்று அளந்தார். தனிமத்தைக் கண்ணால் பார்க்காத மெண்டலீவ், 'அது 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தூய்மைப்படுத்திப் பாருங்கள்' என்று எழுதினார். திரும்ப அளந்தபோது 5.9 வந்தது. அடுத்தது 1879-இல் ஸ்காண்டியம், 1886-இல் வின்க்லரின் ஜெர்மானியம். ஏகா-சிலிக்கனுக்கு அவர் சொன்ன நிறை 72, அடர்த்தி 5.5. ஜெர்மானியத்தின் இன்றைய மதிப்புகள் 72.6, 5.32. அதன் குளோரைடு 100 °செ-க்குக் கீழே கொதிக்கும் திரவமாக இருக்கும் என்றார். சுமார் 86 °செ-இல் கொதிக்கிறது.

தோற்ற இடத்தையும் மறைக்கக்கூடாது. டெல்லூரியம் அயோடினைவிட நிறை குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1871 அட்டவணையில் அதற்கு 125 என்று கேள்விக்குறியோடு போட்டார். அளவீட்டில் பிழை என்பது அவர் எண்ணம். பிழை எதுவும் இல்லை. டெல்லூரியம் 127.60, அயோடின் 126.90. இண்டியத்தில் வென்ற அதே தர்க்கம் இங்கே தோற்றது.

#4 கரிமம்

> அளவீட்டில் பிழை எதுவும் இல்லை

காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அணு நிறை என்பது இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் சராசரி. டெல்லூரியத்தில் 128, 130 இரண்டும் சேர்ந்தே கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அயோடினுக்கு 127 ஒன்றுதான். புரோட்டான் ஒன்று குறைவு, நியூட்ரான் சராசரியில் அதிகம். அவ்வளவுதான்.

ஆர்கான் (39.95), பொட்டாசியம் (39.10) ஜோடி இன்னும் சுவையானது. பூமியின் வளிமண்டல ஆர்கானில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. அது எங்கிருந்து வந்தது? பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து வந்தது. சூரியனில் ஆர்கான்-36 தான் மிகுதி. அங்கே ஆர்கான் பொட்டாசியத்தைவிட லேசானது. அதாவது இந்த இடமாற்றம் நம் கோளின் பாறை வயதால் வந்தது. தனிமத்தின் வேதியியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1894-இல் ராலேவும் ராம்சேயும் ஆர்கானை அறிவித்தபோது மெண்டலீவுக்கு அதை ஏற்கத் தயக்கம். மூன்று நைட்ரஜன் அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று நினைத்தார். 3 × 14 = 42, 40-க்குப் பக்கம்தானே. அட்டவணையில் ஒரு முழுத் தொகுதியே விடுபட்டிருக்கும் என்று எதிர்பார்க்க எந்தத் தடயமும் அவரிடம் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் தெரியும், ஒரு பத்தியே இல்லாவிட்டால் தெரியாது.

#5 அணுவெண்

நல்ல சேர்க்கை. மோஸ்லிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பள்ளி அளவிலேயே போடலாம். கே-ஆல்ஃபா எக்ஸ் கதிரின் ஆற்றல் = 10.2 × (அணு எண் − 1)² எலக்ட்ரான் வோல்ட்.

கோபால்ட், அணு எண் 27: 10.2 × 26² = 6895. அளந்தது 6930.
நிக்கல், அணு எண் 28: 10.2 × 27² = 7436. அளந்தது 7478.

நிறைப்படி நிக்கல் (58.69) முன்னால், கோபால்ட் (58.93) பின்னால் வர வேண்டும். எக்ஸ் கதிர் சந்தேகமே இல்லாமல் கோபால்ட்டை முன்னால் வைக்கிறது. 1913, 1914 இரண்டே ஆண்டுகளில் மோஸ்லி இதை முடித்தார். 43, 61, 75 இடங்கள் காலி என்பதும் இதில் தெளிவானது. 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிப்போலியில் கொல்லப்பட்டபோது அவருக்கு 27 வயது. அந்தக் காலியிடங்களில் 75 ரீனியமாக 1925-இல் வந்தது. 43 டெக்னீசியம், 1937. 61 புரொமித்தியம், 1945.

கணக்கிட்ட மதிப்பு அரை சதவீதம் குறைவாக வருவதை மாணவர்கள் கேட்பார்கள். '1' என்ற திரைமறைப்பு எண் (கருவின் ஈர்ப்பை மற்ற எலக்ட்ரான்கள் மறைக்கும் அளவு) தோராயமானது. கனமான தனிமங்களுக்குப் போகப் போக விலகல் கூடும். டெல்லூரியத்துக்குப் போட்டால் 26,530 வரும், அளந்தது 27,470.

#6 பருத்தித்துறை

நைதரசன், ஒட்சிசன் விடயத்தை நான் எடுக்கிறேன். (இலங்கைச் சொற்களில்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. இலத்திரன் = எலக்ட்ரான், கூட்டம் = தொகுதி, ஆவர்த்தனம் = தொடர், அயனாக்கற் சக்தி = அயனியாக்கும் ஆற்றல், ஒபிற்றல் = ஆர்பிட்டால், சோடி = இணை, புள்ளி = மதிப்பெண்.)

உயர்தர விடைத்தாள்களில் வழமையாக வரும் விடை: 'நைதரசனின் 2பி அரைநிரம்பியது, ஆகவே உறுதியானது.' அது புள்ளி வாங்கித் தரும். ஆனால் இலக்கங்களைப் பாருங்கோ.

போரன் 801, காபன் 1086, நைதரசன் 1402. ஏற்றம் 285, 316.
ஒட்சிசன் 1314, புளோரின் 1681, நேயன் 2081. ஏற்றம் 367, 400.

முதல் மூன்றையும் ஒரு கோட்டில் நீட்டினால் ஒட்சிசன் 1720 அளவில் இருந்திருக்க வேணும். இருப்பது 1314. புளோரினும் நேயனும்கூட அந்த நீட்டிய கோட்டுக்கு வெகு கீழேதான். நைதரசன் மட்டும் தனியாக மேலே துள்ளியிருந்தால், அடுத்த மூன்றும் பழைய கோட்டுக்குத் திரும்பியிருக்க வேணும். திரும்பவில்லை. ஒட்சிசனில் இருந்து மூன்றுமே ஒன்றாகக் கீழிறங்கி, அங்கிருந்து புதுக் கோடு தொடங்குகிறது. நான்காவது 2பி இலத்திரன் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஒபிற்றலுக்குள் சோடியாகப் போகிறது. அந்தச் சோடித் தள்ளுகைதான் கோட்டையே கீழே இறக்குகிறது.

இதைச் சோதிக்க வழி உண்டு. ஒபிற்றல் பெரிதானால் தள்ளுகை குறைய வேணும், இறக்கமும் குறைய வேணும். பொசுபரசு 1012, கந்தகம் 1000: இறக்கம் 12 மட்டும். ஆசனிக்கு 947, செலனியம் 941: 6. அந்திமனி 834, தெலூரியம் 869: இறக்கமே இல்லை. 'அரைநிரம்பியது உறுதி' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இந்தத் தொடர்ச்சி விளங்காது.

பெரிலியம் 899, போரன் 801 வேறு காரணம். அங்கே அகற்றப்படுவது 2எஸ் அல்ல, 2பி. அது கருவில் இருந்து தள்ளி, கூடுதலாக மறைக்கப்பட்டு இருக்கிறது. இரண்டு பள்ளங்களுக்கும் ஒரே விளக்கம் எழுதினால் புள்ளி போகும்.

#7 பலகையோரம்

பருத்தித்துறை, மிக்க நன்றி. 'மூன்றும் ஒன்றாக இறங்குகிறது' என்பதை வரைபடத்தாளில் போட்டால் கண்ணுக்கே தெரியும். எந்தக் கைடிலும் இப்படி இல்லை. காலியத்துக்கு யாராவது?

#8 தெர்மோ

காலியத்துக்கு ஸ்லேட்டர் விதியே போதும். வெளிக்கூட்டில் உள்ள எஸ் அல்லது பி எலக்ட்ரான் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதே கூட்டில் உள்ள மற்ற ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் 0.35. அதற்கு உள்ளே அடுத்த கூட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 0.85. அதற்கும் உள்ளே இருப்பவற்றுக்கு 1.00. எல்லாவற்றையும் கூட்டி அணு எண்ணிலிருந்து கழித்தால் கிடைப்பது செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது அந்த எலக்ட்ரான் உண்மையில் உணரும் கருவின் மின்சுமை.

அலுமினியம், 13: (2 × 0.35) + (8 × 0.85) + (2 × 1.00) = 9.5. மிச்சம் 3.5.
காலியம், 31: (2 × 0.35) + (18 × 0.85) + (10 × 1.00) = 26.0. மிச்சம் 5.0.

ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்து புரோட்டான் கூடியது. பத்து 3டி எலக்ட்ரானும் கூடியது. ஆனால் அவை ஒவ்வொன்றும் 0.85 அளவுக்குத்தான் மறைக்கின்றன. பத்து × 0.15 = 1.5. அந்த 1.5 தான் 3.5-க்கும் 5.0-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு கூடு அதிகமானாலும் கரு இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் அணு வளரவில்லை.

மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. தேர்ந்தெடுத்த எலக்ட்ரானையே மறைப்பவர் கணக்கில் சேர்ப்பது முதலாவது. காலியத்தில் 2 × 0.35, 3 × 0.35 அல்ல. 3டி-யை 4எஸ்-க்கு 'அதே கூடு' என்று எடுப்பது இரண்டாவது. மூன்றாவது, கணக்கிடுவது டி எலக்ட்ரானுக்கு என்றால் விதி மாறும் என்பதை மறப்பது. அங்கே உள்ளே இருக்கும் அத்தனையும் 1.00.

அயனியாக்கும் ஆற்றலை இதிலிருந்து நேரடியாக எதிர்பார்க்காதீர்கள். சோடியத்துக்கு 2.2 வரும். 13.6 × (2.2/3)² = 7.3 எலக்ட்ரான் வோல்ட். அளந்தது 5.14. ஒப்பிடத்தான் ஸ்லேட்டர், அளக்க அல்ல.

#9 நீலத்தாள்

ஆரம் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்றாம் தொடரில் ஆரம் படிப்படியாகக் குறைந்து வந்து ஆர்கானில் திடீரென்று உயர்வதாகச் சில அட்டவணைகளில் இருக்கும். 'மந்த வாயு நிலைத்தன்மையால் பெரிதாகிறது' என்று விளக்கமும் எழுதிவிடுகிறார்கள். அது இயற்கையில் நடப்பதில்லை. குளோரினுக்குச் சகப்பிணைப்பு ஆரம் 99 பிக்கோமீட்டர், ஆர்கானுக்கு வான்டர்வால்ஸ் ஆரம் 188. இரண்டு வேறு அளவுகோல். குளோரினுக்கும் வான்டர்வால்ஸ் ஆரமே எடுத்தால் 175, உயர்வு பெரும்பகுதி மறைந்துபோகும். சோடியத்துக்கு 186 என்று போடும்போது அது உலோக ஆரம். மூன்று வகையையும் ஒரே கோட்டில் வரையக்கூடாது. #1-இல் அலுமினியம், காலியம் இரண்டுக்கும் உலோக ஆரம் என்றே சொல்லியிருக்கிறீர்கள், அது சரி.

செய்முறையாக ஒன்று செய்யலாம். லோதர் மேயர் 1870-இல் வெளியிட்ட அணுக்கன அளவு வரைபடம். அணு நிறையை அடர்த்தியால் வகுத்தால் போதும். சோடியம் 22.99 ÷ 0.968 = 23.7. பொட்டாசியம் 39.10 ÷ 0.862 = 45.4. ருபீடியம் 85.47 ÷ 1.532 = 55.8. கார உலோகங்கள் எல்லாம் மலை உச்சி. அலுமினியம் 10.0, இரும்பு 7.1, தாமிரம் 7.1 பள்ளத்தாக்கில். விரிதாளில் போட்டால் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடியும். அட்டவணையைப் பார்க்காமலேயே ஆவர்த்தனம் கண்ணில் படும்.

கெடுவது எங்கே என்றால் அடர்த்தியில்தான். வாயுக்களுக்கு அறை வெப்பநிலை அடர்த்தியைப் போட்டால் வரைபடமே பாழ். திண்ம அல்லது திரவ நிலை அடர்த்தி வேண்டும். கார்பனுக்கு வைரம் (3.51) எடுத்தால் 3.4, கிராஃபைட் (2.27) எடுத்தால் 5.3. எதை எடுத்தோம் என்று குறிப்பு எழுத வேண்டும்.

#10 கரிமம்

ஃப்ளூரின் கேள்வி விடுபட்டுவிட்டதே. சின்ன இரண்டாம் கூட்டுக்குள் ஏற்கெனவே ஏழு எலக்ட்ரான் நெருக்கம், எட்டாவது வரும்போது தள்ளுவிசை அதிகம். அதனால் 328, குளோரின் 349.

அப்படியானால் ஃப்ளூரின் எப்படிக் குளோரினைவிட வலிய ஆக்சிஜனேற்றி? பிணைப்பைப் பிளக்க ஃப்ளூரினுக்கு 159, குளோரினுக்கு 243. ஓர் அணுவுக்குப் பாதி என்றால் ஃப்ளூரினுக்கு 42 லாபம். எலக்ட்ரான் நாட்டத்தில் 21 நட்டம். நீரேற்றத்தில் சிறிய ஃப்ளூரைடு அயனிக்குச் சுமார் 140 லாபம். மொத்தம் 160 அளவு. 96.5-ஆல் வகுத்தால் 1.67 வோல்ட். திட்ட மின்னழுத்த வித்தியாசம் 2.87 − 1.36 = 1.51 வோல்ட். என்ட்ரோபியை விட்டுவிட்டதால்தான் இந்தச் சிறு விலகல். எலக்ட்ரான் நாட்டத்தை மட்டும் பார்த்து வினைத்திறனைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

#11 மணற்கரை

டி எலக்ட்ரான் விஷயத்தைப் பேசினோம், எஃப் எலக்ட்ரானையும் பேச வேண்டும். ஏனென்றால் அது நம் கடற்கரையிலேயே ஒரு தொழிற்சாலையின் வேலையைத் தீர்மானிக்கிறது.

லாந்தனம் முதல் லூட்டேசியம் வரை மூன்று மின்சுமை அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டரிலிருந்து 86-க்கு இறங்குகிறது. லாந்தனைடு குறுக்கம். விளைவு: சிர்க்கோனியத்தின் உலோக ஆரம் 160, அதற்குக் கீழே இருக்கும் ஹாஃப்னியம் 159. நான்கு மின்சுமை அயனிகள் 72, 71. அணு எண்ணில் 32 கூடியும் அளவு அப்படியே. அடர்த்தி மட்டும் 6.5-இலிருந்து 13.3.

அளவும் மின்சுமையும் ஒன்றே என்றால் வேதியியலும் ஒன்றே. அதனால் சிர்க்கான் மணல் எங்கே கிடைத்தாலும் சிர்க்கோனியத்தோடு 1 முதல் 3 சதவீதம் ஹாஃப்னியம் ஒட்டிக்கொண்டே வரும். 1923 வரை அதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவசியும் எக்ஸ் கதிரில்தான் பிடித்தார்கள், மோஸ்லியின் முறையில்.

பீங்கானுக்கோ வார்ப்பு மணலுக்கோ இந்தக் கலப்பு பொருட்டில்லை. அணு உலைக்குப் பெரிய தொல்லை. சிர்க்கோனியம் நியூட்ரானை உறிஞ்சும் குறுக்குவெட்டு (உறிஞ்சும் வாய்ப்பின் அளவு, அலகு பார்ன்) 0.18 பார்ன், ஹாஃப்னியம் நூறு பார்னுக்கும் மேல். எரிபொருள் உறை செய்ய ஒன்று, கட்டுப்பாட்டுத் தண்டு செய்ய மற்றொன்று. இரண்டும் கலந்தால் இரண்டுமே கெடும். உறைக்கு வேண்டிய சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் சிர்க்கான் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் உள்ள சிர்க்கோனியம் வளாகமும் ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகமும் செய்யும் வேலை இதுதான். மணலைக் காரச் சோடாவோடு உருக்கி, சிலிக்காவைக் கழுவி நீக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். பிறகு டிரைபியூட்டைல் பாஸ்பேட் கொண்டு கரைப்பான் பிரிப்பு. சிர்க்கோனியம் கரிமக் கரைப்பானுக்குள் போகும், ஹாஃப்னியம் பெரும்பாலும் அமில நீரிலேயே தங்கும். ஒரே தடவையில் பிரியாது, வித்தியாசம் அவ்வளவு சிறிது. பல கட்டங்கள் எதிரெதிர் ஓட்டத்தில் ஓட்ட வேண்டும். அதன் பிறகு அம்மோனியாவில் வீழ்படிவாக்கி, சுட்டு ஆக்சைடு, குளோரினேற்றம், கடைசியில் மெக்னீசியத்தால் ஒடுக்கிப் பஞ்சு உலோகம்.

இத்தனை தொட்டியும் குழாயும் 72-க்கும் 71-க்கும் இடையிலான ஒரு பிக்கோமீட்டருக்காக. லாந்தனைடு குறுக்கத்தை வகுப்பில் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். பிள்ளைகளில் பலருக்குப் பழையகாயல் தெரிந்த ஊர்.

#12 ஏகலைவம்

இடையில் ஒரு கேள்வி. 'ஏகா', 'துவி' என்று மெண்டலீவ் பெயர் வைத்ததற்குப் பாணினி இலக்கணம்தான் காரணம் என்று படித்தேன். சரியா?

#13 அணுவெண்

ஏக, துவி, திரி ஆகியவை சம்ஸ்கிருத எண்கள் என்பது உறுதி. ஏகா-மாங்கனீஸ், துவி-மாங்கனீஸ் என்று ஒரு கட்டம், இரண்டு கட்டம் கீழே என்ற பொருளில் பயன்படுத்தினார். பாணினியைப் பதிப்பித்த போத்லிங்க் அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தவர் என்பதும் சரி. அட்டவணையின் அமைப்பே அங்கிருந்து வந்தது என்பது ஊகம். தேர்வு விடையில் எழுத வேண்டாம்.

#14 பலகையோரம்

#8-இன் கணக்கைத் தொகுதி முழுக்கப் போட்டுப் பார்த்தேன்.

இண்டியம், 49: 0.7 + 15.3 + 28 = 44.0. மிச்சம் 5.0.
தாலியம், 81: 0.7 + 15.3 + 60 = 76.0. மிச்சம் 5.0.

காலியம், இண்டியம், தாலியம் மூன்றுக்கும் ஒரே 5.0. ஆனால் அயனியாக்கும் ஆற்றல் 579, 558, 589. இண்டியத்தில் இறங்குவது கூடு பெரிதானதால் என்று சொல்லிவிடலாம். தாலியத்தில் திரும்ப ஏறுவதை ஸ்லேட்டர் காட்டவே இல்லை. கணக்கில் எங்கே தவறு?

#15 தெர்மோ

உங்கள் கணக்கு சரி. விதியின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள்.

தாலியத்தில் பதினான்கு 4எஃப் எலக்ட்ரான்கள் உண்டு. வெளிக்கூடு 6 என்பதால் 4-ஆம் கூட்டிலுள்ள அத்தனைக்கும் ஸ்லேட்டர் 1.00 கொடுத்துவிடுகிறார். முழு மறைப்பு. உண்மையில் எஃப் மிக மோசமாக மறைக்கும். மணற்கரை சொன்ன அதே குறுக்கம் இங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் விதிக்கு அது தெரியாது.

இதோடு சார்பியல் விளைவும் சேரும். 1எஸ் எலக்ட்ரானின் வேகத்தை ஒளிவேகத்தில் அணு எண்/137 என்று எடுக்கலாம். தாலியத்துக்கு 81/137 = 0.59. அந்த வேகத்தில் எலக்ட்ரானின் நிறை கால் பங்குக்குப் பக்கத்தில் கூடும், எஸ் கூடுகள் எல்லாம் உள்ளே சுருங்கும், 6எஸ் உட்பட. தங்கத்தின் மஞ்சள் நிறமும் பாதரசம் −38.8 °செ வரை திரவமாக இருப்பதும் இதே குடும்பம்.

#16 நீலத்தாள்

தாலியம் வந்துவிட்டதால் மந்த இணை விளைவையும் திருத்திவிடலாம். '6எஸ் இணை இறுக்கமாக இருப்பதால் தாலியம் +1-இல் நிற்கிறது' என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் அயனியாக்கும் ஆற்றல்களைக் கூட்டிப் பாருங்கள்.

காலியம்: 1979 + 2963 = 4942.
இண்டியம்: 1821 + 2704 = 4525.
தாலியம்: 1971 + 2878 = 4849.

எஸ் இணையைப் பிடுங்க அதிகம் செலவாவது காலியத்துக்கு. ஆனால் காலியம் +3-இல்தான் வசதியாக இருக்கிறது. ஆக இறுக்கம் மட்டும் காரணம் இல்லை. செலவழித்த ஆற்றலைப் பிணைப்புகள் திருப்பித் தர வேண்டும். காலியத்தின் பிணைப்புகள் வலியவை, திருப்பித் தருகின்றன. தாலியத்தின் பிணைப்புகள் நீளமானவை, வலுக்குறைந்தவை, கணக்கு நேராவதில்லை. ஈயத்திலும் இதுவே. ஈய டைகுளோரைடு நிலையானது, டெட்ராகுளோரைடு தானாகச் சிதையும்.

#17 பலகையோரம்

> செலவழித்த ஆற்றலைப் பிணைப்புகள் திருப்பித் தர வேண்டும்

இது #10-இல் ஃப்ளூரினுக்குப் போட்ட கணக்கின் அதே முறைதானே? செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

#18 நீலத்தாள்

அதேதான். இரண்டையும் அடுத்தடுத்த வகுப்பில் வையுங்கள். முதலில் ஃப்ளூரின், அதில் எல்லா எண்ணும் கையில் இருக்கிறது. தாலியத்துக்குப் போகும்போது மூன்று கூட்டுத்தொகையை மட்டும் எழுதிவிட்டு, 'அப்படியானால் காலியம் ஏன் +3?' என்று கேட்டு நிறுத்துங்கள். அலகு எல்லாவற்றுக்கும் கிலோஜூல்/மோல் என்று பலகையின் மேலேயே எழுதிவிடுங்கள். பல கைடுகளில் எலக்ட்ரான் வோல்ட்டும் கலந்து கிடக்கிறது. ஓர் எலக்ட்ரான் வோல்ட் 96.5 கிலோஜூல்/மோல்.